கில்லர் இன்ஸ்டிங்க்ட் என்னும் சாக்கு

2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ரோஜர் பெடரர் ஒரு கணக்கைச் சொன்னார். தம் தொழில்வாழ்வில் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அவர் வென்றிருக்கிறார். ஆனால் அவ்வாட்டங்களில் வென்ற புள்ளிகள் 54 விழுக்காடு மட்டுமே. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரும் பாதிக்குச் சற்றுக் குறைவான புள்ளிகளை இழக்கிறார். ஆகவே இழந்த புள்ளியை மறந்து அடுத்த புள்ளிக்குச் செல்லப் பழகவேண்டும் என்பது அவர் மாணவர்க்குச் சொன்ன செய்தி. அழகான உரை. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. குற்றம், அவ்வுரை துண்டு துண்டாக வெட்டப்பட்டு, பொறியியல் கல்லூரிக் கருத்தரங்குகளிலும், வங்கித் தேர்வுப் பயிற்சி நிலையங்களிலும், 'ஆளுமை மேம்பாடு' என்ற பெயரில் நடக்கும் கட்டண வகுப்புகளிலும் வந்து சேர்ந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. விடியுமுன் பங்காருபேட்டை சந்திப்பில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தங்கவயல் இளைஞனின் கைப்பேசியிலும் அது இருக்கிறது. அங்கே அதன் பொருள் வேறாகிவிடுகிறது: வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் இடையே உள்ளது மனம் மட்டுமே, உனக்கு வாய்க்கவில்லை என்றால் உன் மனத்தைப் பார்.

டென்னிஸ் ஆட்டக்காரரின் 'போட்டி மனம்' என்பது இன்று விளையாட்டுக்குள் மட்டும் வழங்கும் கருத்தன்று. சமூக ஏற்றத்தாழ்வை விளக்கும் பொதுக் கோட்பாடாகவே அது உயர்த்தப்பட்டிருக்கிறது. உயர்த்தியவர்களில் கல்வியாளர்களும் உளர். எனவே அக்கோட்பாட்டை அதன் பிறப்பிடமான ஆடுகளத்திலேயே வைத்துச் சோதிப்பதுதான் முறை.

முதலில் கணக்கு. 54 விழுக்காடு எப்படி 80 ஆயிற்று? உபதேசகர்கள் அந்த 26 விழுக்காட்டு இடைவெளியில் 'மனவலிமை'யை இட்டு நிரப்புகிறார்கள். உண்மையில் அந்த இடைவெளியை உண்டாக்குவது டென்னிஸின் எண்ணும் முறை. ஒவ்வொரு புள்ளியையும் 54 விழுக்காடு வாய்ப்புடன் வெல்லும் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்க. அதற்கு மனமில்லை, அச்சமில்லை, நேற்றைய தோல்வியின் நினைவில்லை. நான்கு புள்ளி, இரண்டு வித்தியாசம் என்ற விதியின்படி அது ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. அந்த 60, ஆறு கேம் கொண்ட செட்டில் 76 அளவுக்கு உயர்கிறது. மூன்று செட் ஆட்டத்தில் அது 85ஐத் தாண்டும். இளங்கலைப் புள்ளியியல் மாணவர் அரைமணி நேரத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. சிறு மேலாண்மையைப் பெரு வெற்றியாகப் பெருக்கித் தரும்படியாகவே டென்னிஸின் விதிகள் அமைந்துள்ளன. பெடரரின் 80 விழுக்காட்டை விளக்க அவருடைய உள்ளத்துக்குள் நுழையவேண்டிய தேவையே இல்லை. சொல்லப்போனால் அந்த மனமற்ற இயந்திரம் அவரைவிடச் சற்று அதிகமாகவே வென்றிருக்கும்.

மனம் ஒன்றுமே செய்வதில்லை என்று இதனால் ஆகிவிடாது. டச்சுப் புள்ளியியலாளர்கள் கிளாசனும் மாக்னஸும் 1992 முதல் 1995 வரையிலான விம்பிள்டன் ஆட்டங்களின் ஏறத்தாழ 90,000 புள்ளிகளை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முந்தைய புள்ளியை வென்றவர் அடுத்ததையும் வெல்லும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. முக்கியமான புள்ளிகளில் சர்வ் செய்பவரின் மேலாண்மை சற்றுக் குறைகிறது. வலுவான ஆட்டக்காரர்களிடம் இந்த விலகல்கள் மேலும் சிறியவை. ஆக, மனம் என ஒன்று உண்டு. ஆனால் அதன் அளவு சிறிது. புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டாலும் பெரும்பிழை நேராது என்பதுதான் அவர்கள் வந்தடைந்த இடம். அந்தச் 'சிறிது' மேடையில் ஏறும்போது 'எல்லாம்' ஆகிவிடுகிறது.

மனக் கோட்பாட்டின் மூலநூல் ஒன்றில் ஒரு வேடிக்கை உண்டு. கேரல் டுவெக் 2006இல் வெளியிட்ட 'மைண்ட்செட்' நூலில், வளர மறுக்கும் இறுகிய மனத்துக்கு அவர் திரும்பத் திரும்பக் காட்டும் எடுத்துக்காட்டு ஜான் மெக்கன்ரோ. தோல்விக்குப் பிறரைக் குறைகூறுபவர், நடுவரைத் திட்டுபவர், மட்டையை உடைப்பவர். எல்லாம் மெய். ஆனால் அந்த இறுகிய மனத்துக்காரர் ஏழு முறை கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றவர். 1981 முதல் 1984 வரை நான்காண்டுகள் ஆண்டிறுதியில் உலக முதலிடம் வகித்தவர். மனம் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்ற கோட்பாடு, கெட்ட மனத்துக்கு உலக முதல்வரை உதாரணமாகக் காட்டவேண்டிய நிலைக்கு வந்தால், அங்கே ஆய்வுமாணவர் ஒருவராவது கையுயர்த்தியிருக்க வேண்டும். மெக்கன்ரோ இன்னும் நல்ல மனத்துடன் ஆடியிருந்தால் இன்னும் வென்றிருப்பார் என்பது பதில். வென்றால் மனம் காரணம், மனம் கெட்டிருந்தும் வென்றால் வென்றது போதாது. எந்தச் சான்றாலும் பொய்ப்பிக்க முடியாத கூற்றுக்கு அறிவியலில் என்ன பெயர் என்பது படித்தவர்க்குத் தெரியும். ஆந்த்ரே அகாசியோ 2009இல் வெளிவந்த தன்வரலாற்றில் டென்னிஸைத் தாம் வெறுத்ததாகவே எழுதினார். எட்டு கிராண்ட்ஸ்லாம் வென்ற வெறுப்பு அது.

இனி சென்னை. கில்லர் இன்ஸ்டிங்க்ட் என்ற சொல், தமிழ் வீரர்களின் மீது எறியப்பட்ட அளவுக்கு வேறெவர் மீதும் எறியப்பட்டிருக்குமா என்பது ஐயமே. 'நம்மவர்கள் மென்மையானவர்கள், கொல்லத் தெரியாதவர்கள்' என்பது இந்திய விளையாட்டு எழுத்தின் நெடுநாள் பல்லவி. அதற்கு எப்போதும் மூன்று பெயர்கள் சாட்சிக்கு அழைக்கப்படும்: ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன்.

விஜய் அமிர்தராஜின் வழக்கு இவ்வாறு முன்வைக்கப்படும். 1973 விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெஷிடம் ஐந்தாம் செட்டில் 7-5 என்று தோற்றார்; கோடெஷ் அவ்வாண்டுப் பட்டம் வென்றார். 1979இல் போர்க்குக்கு எதிராக இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலை பெற்று, நான்காம் செட்டை டைபிரேக்கரில் இழந்து, ஆட்டத்தையும் இழந்தார். 1981 காலிறுதியில் ஜிம்மி கானர்ஸை முதல் இரண்டு செட்டிலும் வென்றபின் அடுத்த மூன்றையும் விட்டார். தீர்ப்பு: நெருக்கடியில் மனம் தளர்பவர். எதிர்ச்சான்றுகள் மட்டும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. 1973 அமெரிக்க ஓபனில் ராட் லேவரை அவர் வென்றது ஐந்து செட்டில். மறு ஆண்டு அதே போட்டியில் போர்க்கை வென்றதும் ஐந்து செட்டில். ஐந்தாம் செட்டில் லேவரை வெல்லும்போது இருந்த மனம் கோடெஷிடம் எங்கே போயிற்று? போகவில்லை. இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் ஐந்து செட் ஆடினால் ஒருவர் தோற்றாக வேண்டும், அவ்வளவுதான்.

ராமநாதன் கிருஷ்ணனின் வழக்கு இன்னும் தெளிவு. நாகர்கோவிலில் 1937இல் பிறந்த அவர் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற முதல் ஆசியர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. முதலாவதில் நீல் பிரேசரிடமும் அடுத்ததில் ராட் லேவரிடமும் தோல்வி. இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். மென்மை, தொடுகை, கனிவு என்பன அவரைப் பற்றிய வருணனைகள். 1966 டிசம்பரில் கல்கத்தா சவுத் கிளப்பில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் இரு நாடும் 2-2 என்று நிற்க, கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச்சிடம் கிருஷ்ணன் இரண்டு செட்டுக்கு ஒன்று என்றும், நான்காம் செட்டில் 2-5 என்றும் பின்தங்கினார். அங்கிருந்து அச்செட்டை 7-5 என்று வென்று, ஐந்தாவதை 6-2 என்று முடித்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குச் சென்றது. கொல்லும் உள்ளுணர்வு இல்லாதவர் செய்த வேலை இது.

அவர் மகன் ரமேஷ், 1987இல் சிட்னியில் புல்தரையில் வாலி மசூரைத் தீர்மான ஆட்டத்தில் வென்று இந்தியாவை மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாம் சுற்றில் அன்றைய உலக முதல்வர் மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வீழ்த்தினார். விலாண்டர் முந்தைய ஆண்டின் நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் மூன்றை வென்றிருந்தவர். ரமேஷின் குறை என்ன? அவருடைய சர்வ் மெதுவானது. மரமட்டையின் தொடுகலை கிராஃபைட் மட்டையின் வேகத்தோடு மோதிய பத்தாண்டுகளில் அவர் ஆடினார். உடலிலும் கருவியிலும் உள்ள ஒரு குறையை மனத்தின் குறையாக மொழிபெயர்த்தது யார் செய்த வேலை?

இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. 1968 வரை விம்பிள்டன் உள்ளிட்ட பெரும்போட்டிகள் 'அமெச்சூர்'களுக்கு மட்டுமே திறந்திருந்தன. காசுக்கு ஆடியவர், காசுக்குக் கற்பித்தவர் எவரும் உள்ளே வர முடியாது. அந்த உலகில் வெற்றிவெறி என்பது இழிகுணம். விளையாட்டாக விளையாடுபவனே கனவான். அப்படி விளையாட வயிற்றுக்கவலை இல்லாதிருக்க வேண்டும் என்பது சொல்லப்படாத நிபந்தனை. ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தொழில்முறை ஆட்டக்காரராக மாறும்படி ஜாக் கிராமரிடமிருந்து பெருந்தொகைக்கான அழைப்பு வந்தது; ஏற்றிருந்தால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவருக்கு மூடப்பட்டிருக்கும். மறுத்தார், மறுத்ததற்காகப் போற்றப்பட்டார். 1968க்குப் பிறகு பணம் உள்ளே வந்தது. அதே கனிவு, அதே நிதானம், அதே தொடுகை மகனின் ஆட்டத்தில் குறையாக வாசிக்கப்பட்டது. தந்தையின் பண்பு மகனின் நோயாயிற்று. இடையில் மாறியது தமிழ் மனமன்று, பரிசுப்பணத்தின் அமைப்பு. 'போட்டி மனம்' என்ற சொல்லுக்கு ஒரு பிறந்த தேதி உண்டு என்பதை விளையாட்டு உளவியல் பாடநூல்கள் சொல்வதில்லை.

அமெச்சூர் விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. இந்தியாவுக்கு அதுவே முக்கியம். கிளப்புகளில் 'மார்க்கர்' என்று ஒருவர் இருப்பார். உறுப்பினர்களுக்கு ஆடத் துணை இல்லாதபோது எதிர்ப்பக்கம் நின்று பந்தைத் திருப்பித் தருவது அவர் வேலை. நாள் முழுதும் வெயிலில் நின்று, உறுப்பினர் எந்த மூலைக்கு அடித்தாலும் அவருக்கு வாகாகத் திருப்பித் தரவேண்டும், வென்றுவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான மணிநேரப் பயிற்சி பெற்ற கை அது. ஆனால் கூலி பெறுகிறார் என்பதால் விதிப்படி அவர் தொழில்முறையாளர். அமெச்சூர் போட்டிகளின் கதவு அவருக்கு மூடியது. தோற்றுக்கொடுப்பதற்கே சம்பளம் வாங்கியவரிடம் வெற்றிமனம் இல்லை என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

கிரிக்கெட்டில் இதன் இணை நன்கு பதிவாகியுள்ளது. புனேயின் ஐரோப்பியர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் கூலியாக இருந்த தலித் இளைஞர் பல்வாங்கர் பாலு, வெள்ளை அதிகாரிகளுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசியே இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். ராமச்சந்திர குஹா தம் நூலில் எழுதியிருப்பதுபோல், அந்தக் கிளப்பில் அவர் கையில் மட்டை கொடுக்கப்படவே இல்லை. பந்து வீசுவது ஊழியம். மட்டை பிடிப்பது உரிமை. கிரிக்கெட்டில் ஊழியத்துக்கும் ஆட்டத்தில் ஓர் இடம் இருந்ததால் பாலு பெயர் மிஞ்சிற்று. டென்னிஸில் அந்த இடமும் இல்லை.

இப்போது பங்காருபேட்டைக்கு வரலாம். ஊரின் பழைய பெயர் பௌரிங்பேட்டை. மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயரால் அமைந்தது. அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குத் தங்கவயல் ரயில்பாதை 1890களில் போடப்பட்டது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880 முதல் தோண்டிய சுரங்கங்களுக்கு வடஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்தன, பெரும்பாலோர் ஆதிதிராவிடர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் ஒன்று அது. தங்கவயலுக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். அந்தப் பெயரைப் பெற்றுத்தந்தவை ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப், கோல்ப் மைதானம், டென்னிஸ் ஆடுகளம். ஆக, டென்னிஸ் இவ்வூர்ப் பகுதிக்கு அன்னியமானதன்று. விம்பிள்டன் போட்டி 1877இல் தொடங்கியது. அதன் முதல் தலைமுறைக்குள்ளாகவே இந்தியாவில் கிளப் டென்னிஸ் வேரூன்றிவிட்டது. சுரங்கத் தொழிலாளியின் லைன் வீட்டுக்கும் அந்த ஆடுகளத்துக்கும் இடையே மைல் கணக்கில் தூரமில்லை. நூறாண்டுக்கு மேல் டென்னிஸ் அருகிலேயே இருந்தும் தங்கவயல் லைன்களிலிருந்து விம்பிள்டனுக்கு ஒருவரும் போகவில்லை என்றால், மனக் கோட்பாடு தரும் விடை என்ன? லட்சக்கணக்கானோர், நான்கு தலைமுறை, அனைவருக்கும் ஒரே மனக்குறையா?

அந்த மனத்தைப் பற்றிச் சிறிது பேசத்தான் வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையே கொதிக்கும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அடுத்த நொடியில் என்ன நேரும் என்று தெரியாத இடத்தில், நேற்று அதே இடத்தில் இறந்தவரை மறக்காமலும், மறக்காததால் கை நடுங்காமலும் வேலை செய்யவேண்டும். 'இழந்த புள்ளியை மறந்து அடுத்ததற்குச் செல்' என்ற அறிவுரை அங்கே இறங்குவோருக்குச் சொல்லத் தேவைப்பட்டிருக்குமா? நெருக்கடியில் நிதானம் என்பதைக் கட்டணத்துக்குக் கற்பிப்பவர்கள், அதைக் கூலிக்குக் கடைப்பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதையே விற்கிறார்கள்.

தங்கவயலுக்கு ஊக்கமில்லை என்பதும் வரலாற்றுப் பொய். 1914இல் அயோத்திதாசர் மறைந்தபின் அவருடைய 'தமிழன்' இதழ், அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் இங்குள்ள சித்தார்த்தா புத்தகசாலைதான். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் இத்தொழிலாளர்கள். ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' நூல் இவ்வுலகை விரிவாகக் காட்டுகிறது. அச்சகமும் சங்கமும் அவர்கள் கைக்கு எட்டின; எட்டியவற்றில் வென்றார்கள். டென்னிஸ் ஆடுகளம் எட்டவில்லை.

மனத்தைக் காட்டிலும் அருகில் உள்ள ஓர் உறுப்பு நுரையீரல். 1940க்கும் 1946க்கும் இடையே கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர் 7,653 பேரிடம் நடந்த ஆய்வில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் கண்டறியப்பட்டது. தொழில்சார் நோய் பற்றிய இந்திய இலக்கியத்தில் இன்றுவரை மேற்கோளாகும் எண் அது. ஐந்து செட் ஆட்டத்துக்கு வேண்டியது மனமா மூச்சா என்று கேட்பது கொடுமையான கேள்விதான்; ஆனால் அந்தக் கேள்வியைத் தொடங்கி வைத்தவர்கள் மனத்தை உபதேசிப்பவர்கள்.

'அதெல்லாம் பழங்கதை, இன்று எவரும் ஆடலாமே' என்பார் உண்டு. இன்றைய கணக்கையும் பார்க்கலாம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய ஏறத்தாழ 14,000 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பரிசுப்பணமே பெறாதவர்கள் என்பது தெரியவந்தது. வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் உலகத் தரவரிசை 336, பெண்களில் 253. அதுவும் பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமல். அதாவது உலகின் 400ஆவது சிறந்த ஆட்டக்காரர், மனவலிமை எவ்வளவு இருப்பினும், கைக்காசு போட்டுத்தான் ஆடுகிறார். 2023 செப்டம்பரில் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல், தம் வங்கிக்கணக்கில் 900 யூரோ அளவுக்கே மிஞ்சியிருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். ஓராண்டு சுற்றி ஆட ஒரு கோடி ரூபாய் அளவுக்குத் தேவை என்றும் சொன்னார். சில மாதங்களுக்குள் ஆஸ்திரேலிய ஓபனில் தரநிலை பெற்ற அலெக்சாண்டர் பப்ளிக்கை வென்றார். உடனே 'வறுமையை மனத்தால் வென்றவர்' என்று மீம்கள் வந்தன. அவரே சொன்ன கணக்கு மறைந்தது. மனம் மட்டும் நின்றது.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சிகள் வீனஸ், செரினா சகோதரிகள். காம்ப்டன் என்ற ஏழைக் கறுப்பினப் பகுதியில் தந்தையிடம் பயின்று உலகை வென்றவர்கள். இந்தச் சாட்சியை மறுக்கத் தேவையில்லை. முழுதாகக் கேட்டாலே போதும். காம்ப்டனில் அவர்கள் ஆடியது பொது ஆடுகளங்களில். உறுப்பினர் சந்தா இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை, எந்தச் சாதி என்று கேட்கும் வாயிற்காவலர் இல்லை. தளம் விரிசல் விட்டிருந்தது, ஆனால் இருந்தது. பிறகு 1991இல் புளோரிடாவில் ரிக் மாச்சியின் பயிற்சிப்பள்ளி அவர்களை ஏற்றுக்கொண்டது. குடும்பமே அங்கே இடம்பெயர்ந்தது. பொது ஆடுகளம், பின் பிறர் செலவில் பயிற்சி. மனத்தைப் பாடும் காணொளிகளில் இவ்விரண்டும் வெட்டுப்பட்டுவிடும்.

சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1980களின் நடுவில் பிரிட்டானியா நிறுவனத்தின் துணையுடன் அமிர்தராஜ் குடும்பம் தொடங்கிய பயிற்சித் திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்களுக்கு உறைவிடமும் உணவும் பயிற்சியும் தந்தது. லியாண்டர் பயஸ் அங்கிருந்து வந்தவர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம். அத்திட்டம் உபதேசம் செய்யவில்லை. சோறு போட்டது, களம் தந்தது. விஜய் அமிர்தராஜின் பின்னாலும் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அதை நடத்தி மூன்று மகன்களை டென்னிஸுக்கு அனுப்பியவர் தாய் மேகி. ராமநாதன் கிருஷ்ணனின் பின்னால் தந்தை டி. கே. ராமநாதன் இருந்தார், அவரே ஆட்டக்காரர். ரமேஷின் பின்னால் இருவரும் இருந்தனர். மட்டை மூன்று தலைமுறை கைமாறிய குடும்பம். இவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. இவர்களுக்கு மனம் இல்லை என்று பழித்தவர்களும் தவறினார்கள், மனத்தால் மட்டுமே வந்தார்கள் என்று புகழ்பவர்களும் தவறுகிறார்கள் என்பதற்காகவே சொல்லவேண்டியிருக்கிறது.

மேடைப் பேச்சாளர்கள் தம் உரைக்குத் தமிழ் மரபின் ஒப்புதல் தேடி வள்ளுவரின் ஊக்கமுடைமை அதிகாரத்துக்குப் போவது வழக்கம். அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசியல் என்ற இயலில் இருக்கிறது. ஊக்கம் அங்கே ஆட்சி பற்றிய பேச்சின் நடுவே வைக்கப்பட்டுள்ளது. வேலையற்ற இளைஞனைக் குறைகூறும் பேச்சின் நடுவே அன்று. இயலின் தலைப்பைப் படிக்கவும் ஊக்கம் வேண்டும்போலும்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மிஞ்சியவை சயனைடு மேடுகளும், லைன் வீடுகளும், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு ஓடும் ரயில்களும். நாளில் நான்கைந்து மணிநேரத்தைப் பயணத்தில் இழக்கும் ஒருவரிடம் 'பத்தாயிரம் மணிநேரப் பயிற்சி' பற்றிப் பேசப்படுகிறது. அவர் பயிற்சிக்குத் தரக்கூடிய மணிநேரங்கள் ஏற்கெனவே தென்மேற்கு ரயில்வேயின் கால அட்டவணையில் எழுதப்பட்டுவிட்டன.

கடைசியாக, இது ஆய்வுலகின் வேலையையும் தொடும். விளையாட்டு வீரர்களின் மனவலிமையை அளக்கும் இந்திய ஆய்வேடுகள் பெரும்பாலும் தம் மாதிரியை எங்கிருந்து எடுக்கின்றன? பயிற்சிப்பள்ளிகளிலிருந்து, பல்கலைக்கழக அணிகளிலிருந்து, மாநிலப் போட்டிகளில் பங்கேற்றோரிடமிருந்து. வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்டவர்களிடம் வினாத்தாளைக் கொடுத்து, அவர்களுக்குள் வென்றவர் தோற்றவர் வேறுபாட்டை மனத்தால் விளக்குகிறார்கள். களம், சந்தா, மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு, போட்டிக்குப் போகும் ரயில் கட்டணம், பெற்றோரில் ஒருவர் உடன் செல்ல விடும் விடுப்பு ஆகிய அனைத்தும் அந்த மாதிரியில் ஏறத்தாழ மாறிலிகள். மாறாத ஒன்று எதையும் விளக்காது என்பது முறையியலின் முதல் பாடம். ஆகவே அவற்றின் பங்கு சுழி என்றும், மனத்தின் பங்கு புள்ளியியல்படி முக்கியமானது என்றும் முடிவு வருகிறது. 2018இல் சிஸ்க் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு, வளரும் மனப்பான்மைக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பை 0.10 என்ற அளவுக்கே கண்டது. மனத்தைச் சிறப்பாக ஆராய்ந்த துறையிலேயே நிலைமை இது.

அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் பங்காருபேட்டையில் இறங்கலாம். வினாத்தாளில் 'தோல்வியை எப்படி எதிர்கொள்கிறீர்கள்' என்ற வினாவுக்கு முன்னால் வேறு சில வினாக்கள் இருக்கட்டும். நடந்து போகும் தொலைவில் டென்னிஸ் ஆடுகளம் உண்டா? அது யாருடையது? உள்ளே போயிருக்கிறீர்களா, போயிருந்தால், எந்த வேலையாக?